மசூர் பிடுங்கும் வாரத்தில் ஒரு சாவு

ஒலிபெருக்கி கரகரத்தபோது பெஸ்ரா மூன்றாவது சாலில் இருந்தாள். வலது கையில் ஒரு கொத்து மசூர்ப் பருப்புச் செடி, இடது அக்குளில் ஒரு கட்டு. அவளையும் சேர்த்து ஏழு பெண்கள் குத்துக்காலிட்டு ஒரே கோட்டில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். சூரியன் இன்னும் வரவில்லை. செடிகளில் பனி இருந்தது. கையில் மாட்டியிருந்த பழைய காலுறைகள் நனைந்து விரல்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

வைகறைத் தொழுகை முடிந்து அரைமணி கழித்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கமுடியும். மற்ற ஆறு பேரும் கையை நிறுத்தினார்கள். பெஸ்ரா நிறுத்தவில்லை. பெயர் வருவதற்குள் இன்னும் நாலு பிடி பிடுங்கலாம்.

பெயர் வந்தது. ஹாஜி ஷேக்மூஸ், வயது தொண்ணூற்றொன்று.

"இன்னைக்கேதானா" என்றாள் பெஸ்ரா.

ஹாஜி குளிர்காலம் முழுவதும் செத்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை ஊர் கூடிவிட்டது. மூன்று தடவையும் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டார். பிப்ரவரியில் அவரைப் பார்க்கப் போய்வந்த பெஸ்ரா, இப்போது பனி கிடக்கிறது, வெளியே ஒரு வேலையும் இல்லை, இப்போதே போய்விட்டால் ஊருக்கே சௌகரியம் என்று ரொட்டி அடுப்படியில் சொல்லியிருந்தாள். அது ஊர் முழுக்கப் பரவி, ஹாஜியின் காதுக்கும் போய், அவர் சிரித்ததாகவும் கேள்வி.

பெண்கள் இருந்த இடத்திலேயே செடிகளைப் போட்டுவிட்டுக் காலுறைகளைக் கழற்றினார்கள். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் மூன்று நாள் யார் கையும் நிலத்தில் படக்கூடாது. ஆடு மேய்க்கலாம், பால் கறக்கலாம், ரொட்டி சுடலாம். உழவு, விதைப்பு, அறுப்பு, பிடுங்கல் கூடாது. செத்தவரின் மூத்த மகன் துக்கப் பந்தலில் எழுந்து நின்று, போங்கள், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொன்னால் மட்டும் முன்னதாகவே விடுதலை உண்டு. அதையும் அவர் சொன்ன உடனே எழுந்துவிட முடியாது. முதல் தடவை சொல்லும்போது ஊர் மறுக்கவேண்டும். இரண்டாம் தடவையும் மறுக்கவேண்டும். மூன்றாம் தடவை சொன்னதும் ஃபாத்திஹா ஓதிவிட்டுக் கிளம்பலாம். எல்லாம் சேர்த்து ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரம். அறுவடைக் காலத்துச் சாவுகள் அடக்கம் முடிந்த அன்று மாலையே இப்படித்தான் தீர்ந்திருக்கின்றன.

பெஸ்ராவும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு விடியல் போகும். போகட்டும்.

மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு அவள் மட்டும் நின்று, பிடுங்கிப் போட்டிருந்த குவியல்கள் மேல் கல் வைத்தாள். காற்றடித்தால் மசூர்க் குவியல் பந்தாக உருண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். கல் தேட வேண்டியதில்லை. கராஜாதா மலைச்சரிவில் மண்ணைவிடக் கல் அதிகம். கறுத்த கல், துளைத்துளையாக, ரொட்டி வெந்த மாதிரி.

முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்பு விரான்ஷெஹிர் பக்கத்துச் சமவெளியிலிருந்து கல்யாணமாகி வந்தவள் அவள். அங்கே நிலம் பலகை மாதிரி இருக்கும். இங்கே வந்த முதல் வாரம் மாமனார் காட்டைக் காட்டியபோது, இதில் கல்தானே முளைத்திருக்கிறது என்றாள். மாமனார் கோபப்படவில்லை. கல்லை எடுக்க எடுக்க மசூர் வரும் என்று ஒரு கூடையைக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கல் பொறுக்கினாள். பொறுக்கியதுபோக மிச்சத்தை, விதைத்த பிறகு உருளை இழுத்து மண்ணுக்குள் அமுக்கினாள். அடுத்த வருஷம் அவை மேலே வந்தன. மார்ச்சில் செடிக்குச் செடி உட்கார்ந்து களை எடுத்தாள். மே கடைசியில் பிடுங்கினாள். களத்தில் அடித்து, தூற்றி, சலித்து, அதன் பிறகும் சோற்றில் கல் கடிபட்டால் செவ்தீன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவளைப் பார்ப்பான்.

செவ்தீன் அவளுடைய கணவன். கெட்டவன் இல்லை. ஒரு வேலையும் செய்யாதவன் என்றும் சொல்லமுடியாது. அவனுடைய வேலை துக்க வீடுகள். நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் யார் செத்தாலும் அவனுக்குச் செய்தி வரும். இஸ்திரி போட்ட ஒரு சாம்பல் நிறக் கோட்டு அதற்கென்றே ஆணியில் தொங்கும். பந்தலுக்குள் நுழைந்தால் எந்த இடத்தில் நிற்கவேண்டும், எவ்வளவு நேரம் கையேந்த வேண்டும், கசப்புக் காபியை எத்தனை மடக்கில் குடிக்கவேண்டும், என்ன சொன்னால் செத்தவரின் மகனுக்குக் கண்ணீர் வரும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள் அவனையே பேசச் சொல்வார்கள். அவனுக்கு நல்ல குரல்.

அவர்கள் கல்யாணமே ஒரு சாவினால் நாற்பது நாள் தள்ளிப்போனது. மூத்தவன் ஷெர்வான் பிறந்தபோது அவன் சிவெரெக்கில் ஒரு பந்தலில் இருந்தான். மகள் பிறந்தபோது வேறொரு பந்தலில். இதையெல்லாம் பெஸ்ரா மன்னித்துவிட்டதாகத்தான் சொல்வாள். சொல்லும் தோரணையில் அப்படித் தெரியாது.

போன இலையுதிர் காலத்தில்தான் இந்தச் சண்டை தொடங்கியது. மாமனார் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செவ்தீனும் அவன் தம்பி ஹெசோவும் காட்டில் பார்லி போடலாம் என்றார்கள். பார்லி உயரமாக நிற்கும், அறுவடை இயந்திரம் வரும், ஒரு மதியத்தில் முடிந்துவிடும். மசூர் ஒரு சாண் செடி. இயந்திரம் கத்தியை அவ்வளவு தாழ்த்தினால் கல்லில் பட்டு உடையும். ஆகவே கை. கை என்றால் பெண்கள். பெண்கள் என்றால் பெஸ்ரா ஊரைக் கூட்டி இன்று உன் காடு, நாளை என் காடு என்று முறைவைக்க வேண்டும்.

அவள் ஒரு மாதம் சண்டை போட்டாள். பார்லி போட்ட காடு அடுத்த வருஷம் உரம் கேட்கும், மசூர் போட்ட காடு கேட்காது. பதினோரு ஆடு இருக்கிறது, பருப்பு அடித்தபின் மிஞ்சும் மசூர்ப் பொட்டு தின்ற ஆடு குளிரில் எடை இறங்காது. எதுவும் எடுபடவில்லை. கடைசியில், இந்த ஒரு வருஷம் என்னிடம் விடுங்கள், விளைச்சல் போனால் பிறகு இந்த நிலத்தைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன் என்றாள். வாயே திறக்கமாட்டேன் என்ற பகுதி அண்ணன் தம்பி இருவருக்கும் பிடித்திருந்தது.

அப்படி வாதாடி வாங்கிய மூன்று ஏக்கர். மழை சரியாக வந்தது. பூ சரியாக வந்தது. மே இருபதுக்கு மேல் அடி நெற்றுகள் பழுப்பேறின. இதற்குப் பிறகு மசூர் யாருக்காகவும் காத்திருக்காது. நெற்று காய்ந்து ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டால், வெயிலில் கை பட்டாலே வெடித்துப் பருப்பு மண்ணுக்குப் போய்விடும். அதனால்தான் விடியலில் பிடுங்குவது. பனி ஈரத்தில் நெற்று தோல் மாதிரி இருக்கும், வெடிக்காது. எட்டு மணிக்குப் பனி காய்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். மூன்று ஏக்கருக்கு மூன்று விடியல். தெற்குச் சரிவு என்பதால் ஊரிலேயே முதலில் விளைவது அவள் காடு. அடுத்தது ஹாஜி ஷேக்மூஸ் வீட்டுக் காடு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியமே அடக்கம் நடந்தது. மூத்த மகன் இஸ்ஸெத்தீன் தூரத்துக் கடற்கரை நகரமான இஸ்மிரிலிருந்து விமானம் பிடித்து வந்து சேர்ந்தான். முப்பது வருஷமாக அங்கே குளியலறை டைல்ஸ் கடை வைத்திருப்பவன். ஊர் மொழி பேசுவான், நடுநடுவே நின்று யோசித்துப் பேசுவான். அன்று மாலை அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. யாராவது காதில் போட்டிருக்க வேண்டும். ஆளாளுக்கு அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

புதன் விடியலும் போனது. பெஸ்ரா வீட்டு வாசலில் நின்று காட்டைப் பார்த்தாள். செடிகளில் பனி மின்னிக்கொண்டிருந்தது. நல்ல பனி. எட்டு மணி வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் துக்க வீட்டுக்குப் போனாள்.

ஆண்கள் முற்றத்துப் பந்தலில். பெண்கள் வீட்டுக்குள். நடுவில் ஒரு தார்ப்பாய். ஒன்பது மணிக்கு இமாம் கடைசியில் இஸ்ஸெத்தீன் காதில் ஏதோ சொல்ல, அவன் எழுந்து நின்றான். தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். இது மசூர்க் காலம், அப்பாவும் மசூர் விதைத்தவர்தான், நீங்கள் எல்லாம் உங்கள் காட்டுக்குப் போங்கள் என்று அவன் சொன்னான். நன்றாகவே சொன்னான்.

ஊர் சார்பில் செவ்தீன் எழுந்தான்.

"உங்கப்பா மேல போட்ட மண்ணு இன்னும் காயல" என்றான். "அதுக்குள்ள எங்க கை எந்த மண்ணைத் தொடும்? காடு எங்க ஓடிப்போகப்போகுது. எங்களுக்கு இந்தப் பந்தல்தான் இப்ப காடு."

குரல் சரியான இடத்தில் உடைந்தது. பந்தலில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். முதல் மறுப்பு அப்படித்தான் இருக்கவேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இனி இஸ்ஸெத்தீன் இரண்டாம் தடவை சொல்லவேண்டும்.

இஸ்ஸெத்தீன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நெஞ்சில் கைவைத்து, இந்த ஊரை நான் மறக்கமாட்டேன் என்றான். உட்கார்ந்துவிட்டான்.

அறுபது ஆண்கள் செவ்தீனைப் பார்த்தார்கள். அவன் காபிக் கிண்ணத்தைப் பார்த்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவனைப் பெஸ்ரா உட்காரவிடவில்லை.

"எதுக்கு அவ்வளவு உருக்கமா பேசினீங்க?"

"முறைப்படிதான் பேசினேன். அவன்தான் அடுத்த தடவை சொல்லல."

"அவன் இஸ்மிர்ல டைல்ஸ் விக்கிறவன். ஒரு தடவை வேணாம்னா வேணாம்தான் அவனுக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"போய்ச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்னு."

"துக்கத்துல இருக்கிறவன்கிட்டப் போயி, நீ மறுபடியும் கேளு, நான் மறுபடியும் மறுக்கறேன், அப்புறம் நீ இன்னொரு தடவை கேளுன்னு சொல்றதா? கேக்கிறவன் என்னைப் பைத்தியம்பான்."

அதில் நியாயம் இருந்தது. அவன் சொல்வதில் எப்போதும் ஒரு நியாயம் இருக்கும். முப்பத்துநாலு வருஷமாகப் பெஸ்ராவை எரிச்சல்படுத்தியது அதுதான்.

மதியத்துக்கு மேல் காற்று தெற்குக்குத் திரும்பியது. வருஷத்தில் நாலைந்து நாள் அடிக்கும் காற்று, பாலைவனத்திலிருந்து வருவது, அடுப்பு வாயைத் திறந்த மாதிரி. பெஸ்ரா ஆட்டைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காட்டுக்கு ஏறினாள். ஏறும்போதே கேட்டது. மேல்பாதி முழுக்கச் சலசலப்பு, யாரோ சலங்கையை மெதுவாக ஆட்டுகிற மாதிரி. குனிந்து ஒரு செடியை விரலால் தொட்டாள். இரண்டு நெற்று பிளந்து முறுக்கிக்கொண்டன. பருப்பு மண்ணில் விழுந்து கல்லுக்கு இடையில் போனது. கீழ்ப்பாதியில் இன்னும் பச்சை கொஞ்சம் இருந்தது. இன்னொரு விடியல் தாங்கும். இரண்டு தாங்காது.

முறைப்படி மூன்று நாள் முடிந்து வெள்ளிக்கிழமைதான் ஊர் காட்டில் இறங்கும். வியாழன் விடியலைப் பிடிக்காவிட்டால் பிடுங்க வெறும் பொட்டுதான் இருக்கும்.

திரும்பித் துக்க வீட்டுக்குப் போனாள். சமையலறையில் மெய்ரோ டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். மெய்ரோ ஹாஜியின் இரண்டாவது மகனின் மனைவி. கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான். பக்கத்து மசூர்க் காட்டைப் பார்ப்பது அவள்தான். அவளும் பெஸ்ராவும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. காரணம் கல். இருவரும் பொறுக்கிய கல்லை வரப்பில் போட்டார்கள். வரப்பு உயர்ந்தது. உருண்ட கல் யாருடையது என்று ஒரு நாள் பேச்சு வந்தது. அதோடு நின்றது.

பெஸ்ரா ஒரு துணியை எடுத்துக் கழுவிய கிளாசைத் துடைத்தாள். கிளாசைப் பார்த்துக்கொண்டே, காத்து தெக்கால திரும்பிருச்சு என்றாள்.

"எனக்கும் காது இருக்கு" என்றாள் மெய்ரோ.

"மேல்பாதி வெடிக்குது."

"என்னோடது மட்டும் பூத்துக்கிட்டா இருக்கு?" மெய்ரோ இன்னும் நாலு கிளாஸ் கழுவினாள். "உன் புருஷன் வாயில வைக்க ஊர்ல ஒரு கல்லுகூடக் கிடைக்கலையா?"

"கல்லெல்லாம் என் காட்டுலதான கிடக்கு. நீ தள்ளினது."

மெய்ரோ கடைசிக் கிளாசையும் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு மெய்ரோ கையைத் துடைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக இஸ்ஸெத்தீனை வரச் சொல்லி ஆளனுப்பினாள். ஆண்கள் பந்தலுக்குள் பெண்கள் போவதில்லை. மாமனார் வீட்டுத் துக்கத்தில் மருமகள் போவது அறவே இல்லை.

அவன் வந்தான். தூங்காத கண். மெய்ரோ சொன்னதைக் கேட்டான்.

"அவர் அவ்வளவு மனசு கரைஞ்சு சொன்னாரே" என்றான். "மறுபடியும் போங்கன்னா விரட்டுற மாதிரி இருக்காதா?"

"இருக்காது அத்தான். மறுபடியும் சொல்லுங்க."

"அவங்களுக்குப் போகணுமா, இருக்கணுமா?"

"போகணும்."

"அப்ப ஏன் இருக்கோம்னாங்க?"

மெய்ரோ பெஸ்ராவைப் பார்த்தாள். எங்களுக்கு அது ஒரு கேள்வியாக வந்ததே இல்லை.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் இஸ்ஸெத்தீன் பந்தலில் மறுபடி எழுந்தான். சுருக்கமாகச் சொன்னான், உங்கள் பயிர் கெட வேண்டாம், போங்கள். தார்ப்பாய்க்குப் பின்னால் இரண்டு பெண்களும் நின்றார்கள். செவ்தீன் எழுந்தான். காலையில் பேசியதைவிட நன்றாகப் பேசினான். பயிர் வருஷாவருஷம் வரும், ஹாஜி ஷேக்மூஸ் ஒரு தடவைதான் வருவார் என்றான். இரண்டாம் மறுப்பு முதலாவதைவிடக் கனமாக இருக்கவேண்டும் என்பது முறை. இப்போது மூன்றாவது வந்துவிடும், அதோடு எல்லோரும் எழலாம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

இஸ்ஸெத்தீன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். உட்கார்ந்துவிட்டான். மெய்ரோ மறுபடியும் சொல்லச் சொல்லியிருந்தாள். சொல்லியாயிற்று.

"மூணுன்னு சொல்லாம விட்டுட்டேனே" என்றாள் மெய்ரோ.

அவனை மறுபடி பின்வாசலுக்கு அழைப்பதற்குள் இரண்டு மினிபஸ்கள் வந்து நின்றன. சிவெரெக் பக்கத்து ஆட்கள், நாற்பது பேர். பந்தல் முழுக்க எழுந்து நின்றது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். உட்கார்ந்தார்கள். ஃபாத்திஹா. காபி. மறுபடி ஃபாத்திஹா. அவர்கள் சார்பில் ஒருவர் பேசினார். ஊர் சார்பில் செவ்தீன் பதில் பேசினான். வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. சூரியன் விழுந்த பிறகு போங்கள் என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இல்லை. பெஸ்ரா கிளாஸ் தட்டுகளை உள்ளே கொடுத்தாள், வாங்கினாள். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் காற்று முகத்தில் அடித்தது.

மினிபஸ்கள் கிளம்பியபோது சூரியன் மலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. ஆண்கள் மாலைத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய எழுவதற்குத் தயாரானார்கள். பெஸ்ரா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். தார்ப்பாயைத் தூக்கினாள். செருப்புகள் கிடந்த இடம்வரை போய் நின்றாள்.

பந்தல் அடங்கியது. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கும் ஒரு முறை வேண்டும், அது இதுவரை தேவைப்பட்டதில்லை.

"இஸ்ஸெத்தீன்" என்றாள். "இன்னொரு தடவை சொல்லணும். மூணாவது. அப்பதான் இவங்க எழுந்திருக்க முடியும்."

இஸ்ஸெத்தீன் அவளைப் பார்த்தான். பிறகு செவ்தீனைப் பார்த்தான்.

"மூணு தடவையா?"

செவ்தீன் கம்பளத்தைப் பார்த்தான். இமாம் தாடியைத் தடவினார்.

"அப்ப காலையிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றான் இஸ்ஸெத்தீன்.

அவன் மெதுவாக எழுந்தான். இரண்டு நாள் தூக்கமில்லாத ஆள் எழுகிற மாதிரி, ஒரு கையைத் தரையில் ஊன்றி.

"போங்க" என்றான். "கெஞ்சிக் கேக்கிறேன், போயிடுங்க."

பழக்கத்தில் செவ்தீனின் வாய் திறந்தது. கை நெஞ்சுக்குப் போனது.

"ஷெர்வான் அப்பா" என்றாள் பெஸ்ரா. குரலை உயர்த்தவில்லை.

அவன் வாயை மூடினான். கையை நெஞ்சிலிருந்து எடுத்து ஏந்தினான். ஃபாத்திஹா ஓதினான். பந்தல் ஆமீன் என்றது. எல்லோரும் செருப்பைத் தேடினார்கள். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டொருவர் போகும்போது, எந்தக் காட்டிலிருந்து தொடங்குவது என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை நாலரைக்குப் பெண்கள் காட்டுக்குப் போனார்கள். காற்று நின்றிருந்தது. பனி சுமாராக இருந்தது. கீழ்ப்பாதியில் தொடங்கி எட்டு மணிவரை ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகம் பிடுங்கினார்கள். நெற்று முழுசாக இருந்தது. பக்கத்துக் காட்டில் மெய்ரோ தன் ஆட்களோடு பிடுங்கினாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மேல்பாதியில் பத்து நெற்றுக்கு ஏழு வெடித்திருந்தது. அதைப் பொட்டுக்காக வெள்ளிக்கிழமை பிடுங்குவது என்று வைத்தார்கள். குவியல்களில் கல் வைத்தார்கள். பத்து மணிக்கு ஹெசோ வந்தான். மேல்பாதியில் நடந்தான். மண்ணை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் மேலே பார்லி, கீழே மசூர் என்றான். பெஸ்ரா தலையை ஆட்டினாள். செவ்தீன் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போயிருந்தான். மூன்றாம் நாள் விருந்தில் சாப்பிட்டான். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. நாலு மணிக்கு இஸ்ஸெத்தீன் விமான நிலையத்துக்குக் கிளம்பினான். ஐந்து மணிக்குப் பதினோரு ஆடுகளையும் உதிர்ந்த பருப்பைப் பொறுக்க மேல்பாதியில் விட்டார்கள். அரைமணிக்கு மேல் விடவில்லை, வயிறு உப்பிவிடும்.